செல்லச்சாமி நீட்டிய ரிஜிஸ்டர்

ராமநாதபுரம் கோர்ட்டில் பதினெட்டு வருஷமாகச் சாட்சியம் தட்டச்சு செய்கிறேன். பொய் எனக்குப் பழகிவிட்டது. மெனக்கெடாத பொய்தான் எரிச்சல். செல்லச்சாமி கொண்டுவந்தது அந்த ரகம்.

செல்லச்சாமிக்குப் பாம்பனில் சொந்தமாக விசைப்படகு. ஒரு புதன்கிழமை அதில் போன தன் கணவன் வேல்ராஜ் கடலில் விழுந்து செத்தான் என்று முருகலட்சுமி வழக்குப் போட்டிருந்தாள். அவன் படகில் ஏறவே இல்லை, குடித்துவிட்டுப் பாலத்தடியில் விழுந்திருப்பான் என்றார் செல்லச்சாமி. நஷ்டஈட்டைவிட அந்தப் பேச்சுதான் அவளை அரித்தது.

"ஏறுனத முஸ்அப் பாத்திருக்கான். அவந்தான் என்கிட்டச் சொன்னான்" என்றாள். கரையில் நின்று பார்த்த அந்த முஸ்அப் இப்போது கத்தாரில் வேலை செய்கிறான். கேள்விப்பட்டது சாட்சியமாகாது என்று செல்லச்சாமியின் வக்கீல் துள்ளி எழுந்தார். சட்டப்படி சரிதான். ஜட்ஜ் ஏற்றுக்கொண்டார்.

ஆனால் தொழிலில் அன்றன்றைக்கு எழுதிவரும் ரிஜிஸ்டருக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. யார் யார் கடலுக்குப் போனார்கள் என்று எழுதிய நோட்டை நீட்டினார் செல்லச்சாமி. வேல்ராஜ் பெயரே இல்லை. இரண்டு வருஷத்துக்கும் ஒரே பேனா, ஒரே மை. எழுதியவர் மருமகன் வினோத்குமார். உத்தரகோசமங்கையில் வயல் உள்ளவர். கடலை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

"ஒருநா விடாம எழுதிருக்குங்கய்யா" என்று நெஞ்சை நிமிர்த்தினார் மாமனார்.

முருகலட்சுமியின் வக்கீல் நோட்டை அவளிடம் காட்டினார். இரண்டு பக்கம் புரட்டினாள்.

"செவ்வாக்கிழமயும் படகு போயிருக்கே?"

பின்வரிசைப் பாம்பன்காரர்கள் சிரித்துவிட்டார்கள். திங்கள், புதன், சனி கடல் விசைப்படகுக்கு. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. அங்கே பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த முறை. வினோத்குமார் ஏழு நாளும் படகை அனுப்பியிருந்தார்.

செல்லச்சாமிக்கு மானம் போய்விட்டது. மருமகனைப் பார்த்துக் கத்தினார்: "வெளங்காத பயலே! வேல்ராஜ் எழுதுன நோட்டுல இப்பிடி ஒரு தப்பு வந்திருக்கா?"

ஜட்ஜ் நிமிர்ந்தார். "அந்த நோட்டு எங்கே?"

"அவன் இடுப்புல சொருகியிருந்தாங்கய்யா. விழுகயில அவங்கூடவே..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இது யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதல்ல. அவர் வாயாலேயே வந்தது. ஓர் எழுத்து விடாமல் தட்டி, வாசித்துக் காட்டினேன்.

"அந்த ஒரு வரிய மட்டும் திரும்ப வாசிங்கய்யா" என்றாள் முருகலட்சுமி.

ஜட்ஜ் தலையசைத்தார். வாசித்தேன். பாலத்தடி என்ற சொல் அதில் இல்லை.