டோனட்டின் அக்கரை

மருந்துக் காப்பீட்டில் ஒரு பள்ளம் உண்டு என்பதை அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தின் அந்த எல்லையூர்க் கிழடுகளுக்குப் புரியவைக்க, மருந்துக்கடை மர்லீன் ஒரு டோனட்டைத்தான் கையில் எடுப்பாள். நம் உளுந்து வடைக்கு இனிப்பான தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இந்தப் பக்கம் கம்பெனி கொடுக்கும். நடுவுல ஓட்டை. அதுல விழுந்தா முழுக் காசும் உங்க கையிலேர்ந்து. உங்க செலவு ஒரு அளவைத் தொட்டுட்டா அந்தப் பக்கம் ஏறிடலாம், மறுபடி கம்பெனி கொடுக்கும்."

சொல்லி முடித்ததும் டோனட்டை அவர்களிடமே கொடுத்துவிடுவாள். சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் தாளில் வட்டம் போட்டுக் காட்டுவாள்.

ஜூன் மாதம் கிளேட்டன் பீல் ஓட்டையில் விழுந்தார். காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ஆர்லீனுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. வாயில் வைத்து இழுக்கும் மருந்து இல்லாவிட்டால் கட்டிலிலிருந்து அடுப்படி வரைகூட நடக்க முடியாது. விலையைக் கேட்டுப் பேயறைந்த மாதிரி நின்றவரைப் பார்க்க மர்லீனுக்குப் பொறுக்கவில்லை.

"என் தம்பி ரேனல்ட் மாசாமாசம் பாலம் தாண்டி கனடாவுக்கு பஸ் விடறானே, அதுல போங்கண்ணே. அதே மருந்து அங்க மலிவு. அந்தச் செலவும் கணக்குல ஏறும்னு சொல்றான்."

தன் கடை வியாபாரத்தையே விட்டுக்கொடுத்துச் சொன்னாள். அவள் விசாரித்துப் பார்க்கவில்லை. சொன்னது கூடப்பிறந்தவன், பிறகு என்ன விசாரணை? கிளேட்டன் மருந்துச் செலவுக்காகத் தன் மீன்பிடிப் படகை விற்றுவிட்டு பஸ் ஏறினார்.

அக்டோபரில் ஒருநாள் காலை, புளூபெர்ரி ஜாம் பாட்டிலோடு சிரித்துக்கொண்டே வந்தார். "அக்கரை ஏறிட்டேம்மா. ஆர்லீன் கொடுத்துவிட்டா."

மர்லீன் கணினியைத் தட்டினாள். கணக்கில், ஜூனில் நின்ற இடத்திலேயே நின்றார் கிளேட்டன். காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டாள். வெளிநாட்டில் வாங்கியது எதுவும் கணக்கில் சேராது, என்றைக்குமே சேர்ந்ததில்லை என்று ஒரு பெண் குரல் பணிவாகச் சொன்னது.

அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தெருவைத் தாண்டிப் போனாள். ரேனல்ட் பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கனடாவுல வாங்கினது கணக்குல ஏறாதாமேடா."

அவன் கை நிற்கவில்லை. "தெரியும்க்கா."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா. சொன்னா யாரு பஸ்ல ஏறுவா? அங்க மருந்துக் கடைக்காரன் எனக்குத் தலைக்கு இவ்வளவுன்னு தரான். இவங்களும் மலிவாத்தானே வாங்கினாங்க, கொள்ளையா அடிச்சேன்?"

"என் வாயை நம்பிடா ஏறினாங்க."

"அதனாலதான் உங்கிட்ட சொல்லல. உனக்குப் பொய் சொல்ல வராது."

அவளுடைய நல்ல பேரைத்தான் அவன் டிக்கெட் போட்டு விற்றிருக்கிறான்.

திரும்பி வந்து கிளேட்டனிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"படகு போனா போகட்டும். நேத்து வரைக்கும் அவ ரெண்டு வேளையை ஒரு வேளையாக்கி மிச்சம் பிடிச்சாம்மா. இன்னிக்குக் காலையிலதான், இனிமே கிடைச்சிடும்னு, இருந்ததை நிம்மதியா இழுத்து முடிச்சா."

மர்லீன் அலமாரியிலிருந்து மருந்தை எடுத்து நீட்டினாள். "இந்த மாசம் என் கணக்குல எடுத்துட்டுப் போங்கண்ணே. எனக்குத் தெரியாது, சத்தியமா."

"தெரியாமதான் சொன்னியா?"

"ஆமாண்ணே."

"அன்னிக்கும் இதே முகத்தோடதான்மா சொன்னே." அவர் மருந்தைத் தொடவில்லை. "உன் கையால எதையும் வாங்க இப்ப பயமா இருக்கு. டவுன்ல வேற கடை பார்த்துக்கறேன்."

கதவு வரை போனவர் திரும்பி வந்தார். மனசு மாறிவிட்டார் என்றுதான் மர்லீன் நினைத்தாள். அவர் ஜாம் பாட்டிலை எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"அக்கரை ஏத்திவிட்டவளுக்குக் கொடுங்கன்னுதான் ஆர்லீன் சொன்னா," என்றார்.