தலைக்கு மேலே ஷபியுல்லா

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது திண்டிவனம் கோர்ட்டில். 1986, பங்குனி மாதம். மச்சானோடு எனக்கு ஒரு சுவர்த் தகராறு. வாய்தா போட்டுவிட்டார்கள். வெளியே வெயில், உள்ளே மின்விசிறி. உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வழக்கு, லைசென்ஸ் இல்லாமல் விமானம் ஓட்டியது. கூண்டில் நின்றவர் ஷபியுல்லா.

2

'சின்ன வயதிலிருந்தே பறவைகளைப் பார்த்து ஏங்கிய ஷபியுல்லா...' என்று எழுத ஆரம்பித்தேன்.

இல்லை. பறவைகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோட்டக்குப்பத்துக்காரர். ஷார்ஜாவில் ஜெனரேட்டர் மெக்கானிக். ஊர் திரும்பும்போது மற்றவர்கள் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார்கள். இவர் ஒரு குட்டி விமானத்தைப் பிரித்துப் பெட்டிகளில் கொண்டுவந்தார். துணி இறக்கை, அலுமினியக் குழாய்கள், எஞ்சின், ஓர் ஆள் உட்கார இடம். (சுங்கத்தில் என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.)

3

கூட்டேரிப்பட்டுப் பக்கம் வற்றிய ஏரியில் ஓட்டி, மேலே எழுப்பினார். கொஞ்ச நேரம் பறந்தார். எஞ்சின் நின்றது. கண்ணையன் என்பவரின் மல்லாட்டைக் கொல்லையில் (வேர்க்கடலை வயலில்) இறங்கினார். 'இறங்கினேன்' என்பது அவர் சொல். 'வுழுந்தாரு' என்பது கண்ணையன் சொல்.

கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் கண்ணையன் மனைவி அம்சா. இறக்கை அவர் தலைமேல் கட்டியிருந்த துண்டை இழுத்துக்கொண்டு போனது. காயமில்லை.

அவர் பயத்தை விவரித்து ஒரு பத்தி எழுதினேன். 'அம்சாவின் நெஞ்சு...' அடித்துவிட்டேன். அன்று முழுக்க அவருக்குப் பேச்சு வரவில்லை என்று கண்ணையன் சொன்னார். அது போதும்.

4

ஷபியுல்லா வக்கீல் வைக்கவில்லை. தானே பேசினார்.

"நடக்கறதுக்கு லைசென்ஸ் கேக்கறதில்லீங்க. நீந்தறதுக்கும் கேக்கறதில்ல. ஆகாயம் யாரு பட்டாவுலயும் இல்ல. பறக்கறது என் உரிமைங்க."

"உரிமை இல்லை" என்றார் மாஜிஸ்திரேட். "அரசாங்கம் தருகிற அனுமதி. தரலாம், தராமலும் இருக்கலாம். தந்ததைத் திருப்பி வாங்கவும் செய்யலாம்."

"ஐயா, மனுஷன் பொறக்கறப்பவே..."

இந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. சாட்சி சொல்ல வந்திருந்த அம்சா குறுக்கே பேசிவிட்டார்.

"அந்த பாய்க்குப் பறக்க உரிமைன்னா, தலமேல எதுவும் வுழாம களை புடுங்க எனக்கு உரிமை இல்லீங்களா? அதுக்கு நான் யாராண்ட லைசென்ஸ் வாங்கணும்?"

கோர்ட் சிரித்தது. ஷபியுல்லா சிரிக்கவில்லை.

"தப்புதாங்க" என்றார். அபராதம் போட்டார்கள். விமானம் பறிமுதல்.

(இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. ஒரு கேள்விக்கே மடங்குகிற ஆள் என்ன கதாநாயகன்? அவரைத் தொடர்ந்து வாதாட வைத்தும் எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அம்சாவைத் திரும்பிப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.)

5

வெளியே டீக்கடை ஓரம் அவர் தனியாக நின்றிருந்தார். அம்சா நேராக அவரிடம் போனார்.

"பாய், மேலேர்ந்து எங்க கொல்லை எப்டி இருந்துச்சு?"

"பாக்கலம்மா. எஞ்சின் நின்னதுலேர்ந்து உங்க முதுகு ஒண்ணுதான் தெரிஞ்சுது. நவுருங்க நவுருங்கன்னு கத்திக்கினே வந்தேன்."

"கேக்கல."

"தெரியும்மா."

அம்சா போகவில்லை. "அதுக்கு முன்னாடி?"

ஷபியுல்லாவின் கண்கள் மட்டும் சிரித்தன. "ரோட்டுல லாரிங்க சின்னச் சின்னதா ஊர்ந்துக்கினு போச்சும்மா. எல்லாரும் எங்கியோ அவசரமா போறாங்க, எனக்கு மட்டும் எந்த அவசரமும் இல்ல. அப்டி இருந்துச்சு."

"ஜல்தி வா, பஸ்ஸு போயிடும்" என்று கண்ணையன் கூப்பிட்டார்.

"லைசென்ஸ் குடுக்கலன்னா மறுபடி பறப்பீங்களா?" என்று கேட்டார் அம்சா.

6

முதல் முடிவு: 'மாட்டேன்' என்றார். மாஜிஸ்திரேட்டுக்குப் பிடிக்கும்.

இரண்டாவது முடிவு: 'பறப்பேன்' என்றார். உங்களில் சிலருக்குப் பிடிக்கும். கொல்லை வைத்திருப்பவர்களுக்குப் பிடிக்காது.

உண்மையில் அவர் பதில் சொன்னார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. எழுதப்போவதில்லை. எழுதினால், ஒன்று போலீஸ் அவரைத் தேடும், இல்லையென்றால் நீங்கள் அவரை மறந்துவிடுவீர்கள்.

பதிலைக் கேட்ட அம்சா ஒருதடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். ஆனால் கொல்லையில் குனிந்திருப்பவருக்கும் கேட்கும்படி.