மூன்றாம் ஓலை

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து மூப்பர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: சபை மூப்பர் பாக்கியசீலன், அவர் மனைவி இன்பமணி, தம்பி வேதமுத்து, குருவானவர் சாலமோன் ஐயர், பிறகு சாலோமி. சாலோமி மூப்பரின் தங்கை. புருஷனை இழந்து எட்டு வருஷமாக அண்ணன் வீட்டில் இருந்தபடி மிஷன் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பவள். ரோடும் பாலமும் போடும் தாலுகா போர்டில் அவளை அங்கத்தினராக நியமிக்க எண்ணம் உண்டு, சம்மதமானால் ஒரு மாதத்துக்குள் எழுதவும் என்று சர்க்கார் கடிதம் வந்து மேசைமேல் கிடந்தது. 1919 வரை அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கும் தபாலில் பதவி வந்ததில்லை. வராமலே இருந்திருக்கலாம் என்று மூப்பருக்கு இருந்தது.

"பத்து ஆம்பளைக நடுவுல நாற்காலி போட்டு உக்காரப் போறியோ?"

"தரையில உக்காருன்னு எழுதலையே அண்ணே."

வேதமுத்து சிரித்தான். அண்ணன் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

"ரோடும் பாலமும் உனக்கு என்னளா தெரியும்?"

"ஆத்துல வெள்ளம் போகையில அக்கரை ஆசுபத்திரிக்குப் போக முடியாம எத்தனை பிள்ளைத்தாச்சி செத்தாளுக, அது தெரியும்."

இன்பமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் மூத்த மகள் போனது அப்படித்தான். அந்தக் கூடத்தில் சாலோமி அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

பாக்கியசீலன் குரலை உயர்த்தவில்லை. "ஐயரே, கல்யாணத்துக்கு வாசிக்கிற மாதிரி இதுக்கும் மூணு ஞாயிறு கோயில்ல ஓலை வாசிங்க. தடை உள்ளவன் எந்திரிச்சுச் சொல்லட்டும். ஒருத்தன் சொன்னாலும் இவ எழுதக் கூடாது."

"வாசிங்க," என்றாள் சாலோமி. "ஒருத்தரும் சொல்லலைன்னா எழுதுவேன்."

இருநூறு பேர் கூடும் சபையில் ஒருவனாவது எழுந்திருப்பான், தன் கை கறைபடாமல் காரியம் முடியும் என்பது அவர் கணக்கு. முதல் ஞாயிறு ஐயர் வாசித்தார். ஒருவரும் அசையவில்லை. இரண்டாம் ஞாயிறும் அப்படியே. ஆண்கள் பக்கத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பாக்கியசீலனுக்கு உறைத்தது. மூப்பர் முன்வரிசையில் இருக்கையில் மூப்பர் வீட்டுப் பெண்ணைக் குறைசொல்ல அந்த ஊரில் எவனுக்கும் நாக்கு எழாது. நாற்பது வருஷமாக அவர் கட்டிக் காத்த மரியாதை அது. அதுவே அவளுக்குக் காவலாக நின்றது.

மூன்றாம் ஞாயிறு, "தடை உண்டோ?" என்று ஐயர் கேட்டதும் பாக்கியசீலன் எழுந்தார்.

தடை சொல்பவன் காரணமும் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். காரணங்கள் அவரிடம் இருந்தன. ராத்திரி முழுக்க அடுக்கி வைத்தவை. ஆனால் 'என் தங்கை' என்றுதான் தொடங்க வேண்டும். தன் வீட்டுப் பெண்ணைத் தானே சபை நடுவில் நிறுத்த வேண்டும். வாய் திறக்கவில்லை. பெண்கள் பக்கத்துப் பாயில் சாலோமி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அவரைப் போலவே முதுகு வளையாமல். இன்பமணி அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்திருந்தாள்.

மூப்பர் எழுந்ததைப் பார்த்து வேதமுத்து எழுந்தான். மூப்பர் நிற்கையில் உட்கார்ந்திருக்கக் கூடாதென்று அவனுக்குப் பின்னால் வரிசை வரிசையாக ஆண்கள் எழுந்தார்கள். ஐயர் காகிதத்தை மடித்தார்.

"குடும்பத்துப் பெரியவரே சம்மதமாய் எழுந்து நிற்கிறார். தடை இல்லை."

அடுத்த மாதம் சாலோமி வில்வண்டியில் போர்டுக் கூட்டத்துக்குப் போனாள். மூப்பர் சபை நடுவில் எழுந்து நின்று தங்கையை அனுப்பிவைத்தார் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். இல்லை. அவர் தடை சொல்லத்தான் எழுந்தார்.