குருத்தில் தண்ணீர்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு ஏதாவது ஒரு கௌரவமான பிறப்பிடம் கற்பிக்க நான்கு நாட்களாக முயன்று தோற்றுவிட்டேன். அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் தூக்கி எறிந்த தொடக்கங்கள் இரண்டு. ஒன்று:

"ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பால்கனியில் ஆர்க்கிட் வளர்த்துவந்தார். எதிர்வீட்டு ஆர்க்கிட் பூத்த அன்று அவருக்குக் காய்ச்சல் வந்தது."

இதை எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்தது. வழுக்கைத் தலையும் கையில் தெர்மாமீட்டருமாக ஒரு மனிதர் பூவைப் பார்த்து வயிறெரிந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டால் மன்னித்துவிடுவீர்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்த மன்னிப்பு. ஆனால் மூன்றாவது பக்கத்தில் அவர் எழுந்து எதிர்வீட்டுக்குப் போய் மனம்விட்டுப் பாராட்டத் தயாரானார். நான் அப்படிச் செய்தவள் இல்லை. அவரை அங்கேயே விட்டுவிட்டேன். பாவம், இன்னும் எதிர்வீட்டு வாசலில்தான் நிற்கிறார்.

இரண்டு:

"ஆர்க்கிட் பொறுமையின் மலர். அது நமக்குக் கற்றுத்தருவது—"

ஒன்றும் கற்றுத்தரவில்லை. அடித்துவிட்டேன்.

2

எனக்கு ஒரு தங்கை. வயது நாற்பத்தாறு. வீட்டில் இன்னமும் அவள் பெயர் "சின்னது". ஒரு ராத்திரி ரயில் பயணத் தொலைவில், மலைமேல் இருக்கும் குளிரான ஊரில், உடை திருத்தித் தரும் கடை வைத்திருக்கிறாள். இடுப்பு பிடிக்கும், நீளம் குறைக்கும், ஜிப் மாற்றும் வேலை. நான் கீழே, வெயில் ஊரில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன்.

நீச்சலை அவள் ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். நான் ஒரு மாதம் தண்ணீர் குடித்தேன். எனக்கு ஒரு சிறுகதைப் பரிசு கிடைத்த விழாவுக்கு வந்தாள். கதையை அவள் படித்திருக்கவில்லை. விழா முடிந்ததும் எல்லாரும் அவளைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கேடயத்தோடு ஆட்டோ தேடிக்கொண்டிருந்தேன்.

(இதையெல்லாம் வரிசைப்படுத்தும்போது எவ்வளவு அற்பமாகத் தெரிகிறது என்று எனக்கும் தெரிகிறது. பெரிய அநியாயம் ஒன்று நடந்திருந்தால் கதைக்கு வசதியாக இருந்திருக்கும்.)

அவள் என்னோடு ஒருநாளும் போட்டி போட்டதில்லை. போட்டிக்கே வராதவளிடம் தோற்பது போல ஒரு காந்தல் கிடையாது.

ஆறு வருடம் முன்னால் நான் பூவோடு ஒரு ஆர்க்கிட் வாங்கினேன். பட்டாம்பூச்சி ஆர்க்கிட் என்று பூக்கடைக்காரர் சொன்னார். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். பூவெல்லாம் உதிர்ந்த பிறகு அந்தத் தண்டிலேயே ஒரு குட்டிச் செடி முளைத்தது. இரண்டு இலை, மூன்று வேர். அப்போது வந்திருந்த சின்னது அதைப் பார்த்தாள்.

"அக்கா, இத எனக்குக் குடுத்துடேன்."

"குளிர்ல செத்துடும்டி."

"செத்தா திட்டு."

கைப்பையிலிருந்து நூல் வெட்டும் கத்தரியை எடுத்து அவளே நறுக்கிக்கொண்டாள். தாய் என்னிடம், குட்டி அவளிடம். இரண்டு வருடம் கழித்து அவள் கடை ஜன்னலில் குட்டி ஒன்பது பூ பூத்தது. அடுத்த வருடம் பதினொன்று. தாய்ச் செடி என் வீட்டில் எருமைக் காது போல இலை விட்டுக்கொண்டிருந்தது. இலை, இன்னொரு இலை, அதற்கு மேல் ஒரு இலை.

3

காரணம் எனக்குத் தெரியும். இந்த ஆர்க்கிட் பூந்தண்டு விட, மூன்று நான்கு வாரம் இரவில் நன்றாகக் குளிர வேண்டும். பதினெட்டு டிகிரி அளவுக்கு. மலையில் அது சும்மா கிடைக்கிறது. எங்கள் ஊரில் விடியற்காலை நான்கு மணிக்கும் இருபத்தெட்டு. வளர்ப்பவர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் பனி விழும் நாட்டுக்காரர்கள் ஹீட்டர் ஈரத்தை உறிஞ்சுகிறது என்று அழுவார்கள். பாலைவனத்துக்காரர் ஒருவர் தொட்டியைச் சுற்றி ஈரத்துணி கட்டியிருக்கும் படம் போடுவார். எல்லாருடையதும் எப்படியோ பூத்துவிடும்.

நான் செடியை ஏ.சி.க்கு அடியில் வைத்தேன். வேர்மேல் ஐஸ்கட்டி வைத்தேன். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ரசாயனக் குப்பிகள் வைக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவேட்டில் எழுதுவது என் வேலை. வேலையில் டிகிரி பிசகாத ஒருத்தியால் வீட்டில் பத்து டிகிரி குறைக்க முடியவில்லை.

"அதுக்கு நீ ஏ.சி. போடு, தப்பில்ல," என்றார் என் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். "எனக்குத்தான் ஸ்வெட்டர் வேணும்."

"ஒரு வருஷம்தான். பூத்துட்டா நிறுத்திடறேன்."

"பூக்கறதுக்கா போடற? அவகிட்ட பூத்ததுக்குப் போடற."

கணவர்கள் அபூர்வமாகத்தான் சரியாகச் சொல்வார்கள். அந்த அபூர்வம் இந்த மாதிரி நேரத்தில்தான் வாய்க்கும்.

4

இந்த வருடம் ஒரு மதியம் பூக்கடை வழியாக வந்தேன். அதே வெள்ளை, அதே மஞ்சள், பதின்மூன்று பூ. வாங்கினேன். கடைத் தொட்டியோடு தூக்கி என் மண்தொட்டிக்குள் இறக்கி, விளிம்பில் மரப்பட்டைத் துண்டுகளைத் தூவி மறைத்தேன். என் நிஜச் செடியை பால்கனியில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் வைத்தேன். படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன்: "ஒருவழியா!"

அவள் பொறாமைப்படுவாள் என்று காத்திருந்தேன். ஒரு நிமிடத்தில் போன் வந்தது.

"அக்கா! பதிமூணு! எண்ணிட்டேன்!" கடையில் யாரிடமோ திரும்பிக் கத்தினாள்: "எங்க அக்கா வீட்டுல பூத்துடுச்சு!" முன்பின் தெரியாத ஒரு பெண்மணி அங்கிருந்து எனக்கு வாழ்த்துச் சொன்னார்.

முகத்தில் அறைந்தது போலிருந்தது. அவளுக்குப் பொறாமைப்படக்கூடத் தெரியவில்லை. அந்த ஒன்றிலாவது நான் முன்னால் இருந்தேன்.

"எனக்கு இந்த வருஷம் இன்னும் தண்டே வரலக்கா," என்றாள். "நீ என்ன பண்ண? சொல்லு, அப்படியே பண்றேன்."

5

இந்தப் பகுதியை ஏழு முறை எழுதியிருக்கிறேன். நடந்ததை முதலில் சொல்கிறேன், அதில் மாற்றமில்லை.

நான் சொன்னேன்: "தினமும் சாயங்காலம் நல்லா குருத்தோட நனையற மாதிரி தண்ணி ஊத்தறேன்."

பொய் இல்லை. என் நிஜச் செடிக்கு அப்படித்தான் ஊற்றுகிறேன். எங்கள் ஊர் வெக்கையில் அரை மணியில் குருத்து காய்ந்துவிடும். குளிர் ஊரில் காயாது. இலைகள் கூடும் அந்த நடுக்குழியில் தண்ணீர் ராத்திரி முழுக்கத் தேங்கும். தேங்கினால் குருத்து அழுகும். குருத்து அழுகினால் இந்தச் செடிக்கு வேறு வளரும் முனை இல்லை.

இனி, எழுதிப் பார்த்த வாக்கியங்கள்:

அ. "குளிர் ஊரில் அது ஆபத்து என்று அக்காவுக்குத் தெரியாது."

ஆ. "அக்காவுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. சொல்ல வாயெடுத்தபோது வாசல் மணி அடித்தது."

(மணி அடிக்கவில்லை. அன்று யாருமே எங்கள் வீட்டுக்கு வரவில்லை.)

இ. "தெரியும்."

ஒற்றைச் சொல்லாக நின்றால் மிகவும் கொடூரமாக இருக்கிறது என்று அதன் பின்னால் "என்றாலும்" போட்டேன். "என்றாலும்"-க்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. எடுத்துவிட்டேன்.

செடி சாக வேண்டும் என்று நினைத்தேனா? இல்லை. ஒரே ஒரு வருடம் பூக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். குருத்தழுகலைப் பற்றி அத்தனை படித்த நான், அன்றைக்கு மட்டும் அது பாதியில் நின்றுவிடும் என்று நம்பிக்கொண்டேன்.

6

ஐந்து வாரம் கழித்துப் பேசினாள். குரல் சின்னதாக இருந்தது.

"இலைய லேசா தொட்டேங்க்கா. அப்படியே கையோட வந்துடுச்சு. அடியில எல்லாம் கறுத்துப்போய் ஒரே நாத்தம்."

"எல்லா இலையுமா?"

"எல்லாமே. நான்தான் எதையோ சரியா செய்யல போல. நீ சொன்ன மாதிரிதான் ஊத்தினேன், ஒரு நாள் விடல."

ஒரு நாள் விடல. நான் பரிசோதனைக் கூடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கீழே வரிசையில் இருந்த யாரோ தன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்களா என்று கேட்டார்.

இரண்டு வாரத்தில் அவளே புறப்பட்டு வந்தாள். பூத்திருக்கும் செடியைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். குட்டி ஏதாவது விட்டிருந்தால் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டுமாம்.

வீட்டுக் கூடத்தில் செடிமுன் குனிந்து நின்றாள். தையல்காரியின் விரல் எங்கே போகும்? விளிம்புக்குத்தான். மரப்பட்டைத் துண்டுகளை ஒதுக்கினாள், இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். கடைத் தொட்டி ஸ்டிக்கரோடு வெளியே வந்தது.

"தொட்டிக்குள்ள எதுக்குக்கா தொட்டி?"

என் வீட்டுக்காரர் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மூடிக்கொண்டார்.

"கடையில வாங்கினது," என்றேன். "நம்ம செடி பால்கனியில இருக்கு. அது பூக்கவே இல்ல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"கடையில வாங்கி, தொட்டி மாத்தி, போட்டோ புடிச்சு... இவ்வளவும் எனக்காகவா? லூசாக்கா நீ! என்னைப் போய் இவ்வளவு பெரிய ஆளா நெனச்சிருக்க!"

நானும் சிரித்தேன். சின்னப் பொய்க்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது. அதன் நிழலில் பெரியது பத்திரமாக உட்கார்ந்துகொண்டது.

7

புதன்கிழமை கிளம்பினாள். வெறுங்கையோடு இல்லை.

"உன் செடிய எனக்குக் குடு. அங்க ரெண்டு குளிர் பட்டா தண்டு விட்டுடும். பூத்ததும் படம் அனுப்பறேன், என் செடி பூத்துடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கோ."

பெருந்தன்மையிலும் என்னை மிஞ்சுகிறாள் என்று எனக்கு அப்போதும் தோன்றியது. அந்த நேரத்தில் தோன்ற வேண்டியது அதுவா? ஆனால் அதுதான் தோன்றியது.

இருவருமாக, சோப்புநீரில் அழுகியிருந்த வேர்களை நறுக்கி, புதிய பட்டைத் துண்டுகளில் நட்டோம். ரயிலில் ஜன்னலோரம் செடியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"வேர் வெட்டியிருக்கோம்ல, நாலு நாள் காயட்டும். ஞாயித்துக்கிழம கடை லீவு, அன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்து ஊத்தறேன். இது அப்படி ஊத்தித்தானே ஆறு வருஷமா உசுரோட இருக்கு. அதே மாதிரிதானே? குருத்தோட?"

வண்டி நகர்ந்தது.

"பத்திரமா போ," என்றேன்.

8

இன்று ஞாயிறு. பரிசோதனைக் கூடத்தில் எனக்கு முறை. மதியம் இரண்டு மணிக்குக் குளிர்பெட்டி வெப்பநிலை எழுதினேன்: நான்கு டிகிரி. அதற்கு முன்னும் பின்னும் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எப்படி முடிக்கலாம் என்று பார்த்தேன். இயந்திரத்துக்குப் பின்னால் ஒளித்த செடி ரகசியமாக மொட்டு விட்டிருந்தது என்று முடிக்கலாம், கைதட்டுவீர்கள். அங்கே துவைத்த சோப்புநீரும் சூடும்தான் இருந்தன. செடிக்கு ஒரு இலை மஞ்சளடித்து, கொஞ்சம் வேர் அழுகியதுதான் மிச்சம். அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும், தெரிந்தும் சிரித்தாள் என்று முடிக்கலாம். அது அவளுக்கு இன்னொரு கிரீடம். நான் சூட்ட மாட்டேன்.

மூன்று பத்துக்குக் கதையை நிறுத்திவிட்டு அவளுக்கு எழுதினேன்: "சின்னது, குருத்துல ஊத்தாத. வேர்ல மட்டும் ஊத்து. காலையில ஊத்து, வாரம் ஒரு தடவ போதும்."

அனுப்பிவிட்டேன். ஆகவே செடி பிழைத்துக்கொள்ளும். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

உடனே பதில் வந்தது: "சரிக்கா."

பிறகு: "அன்னிக்கு குருத்தோடன்னு சொன்னியே?"

பிறகு, கொஞ்சம் இடைவெளி விட்டு: "ஏன்க்கா?"

அவள் கேட்டு நாற்பது நிமிடம் ஆகிறது. என்னிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. முதலாவது ஒரே வரி: "இங்க அப்படி ஊத்தலாம், அங்க குளிருக்கு ஆகாதாம், இப்பத்தான் படிச்சேன்." கடைசி இரண்டு சொல்லைத் தவிர எல்லாம் உண்மை. அவள் நம்பிவிடுவாள். அவளுக்கு நம்பத்தான் தெரியும். இரண்டாவது பதில், நீங்கள் இவ்வளவு நேரம் படித்தது.

எதை அனுப்புவது என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அதற்கு அவள் என்ன சொல்வாள் என்பதையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்: நீங்கள் எழுதும் முடிவில் அவள் என்னைவிட அழகாக நடந்துகொண்டால், எனக்கு அதற்கும் வயிறெரியும்.