நூறு சதவீத வாசிப்பு

"நாளைக்கு அந்தப் பக்கெட்டு வரக்கூடாது. ஆப்சென்ட் போட்டுடும்மா" என்றார் தலைமையாசிரியர், தட்டிலிருந்து தலையெடுக்காமலே. மருமகள் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது. அவள் அவர் பள்ளியிலேயே மூன்றாம் வகுப்பு டீச்சர். வீட்டில் அவர் மாமா, பள்ளியில் சார். இரண்டு இடத்திலும் எதிர்த்துப் பேசுவது மரியாதையில்லையாம்.

பக்கெட்டு என்று சார் கூப்பிடுவது அவள் வகுப்புச் சிறுமியை. அம்மா தெருத்தெருவாகக் கழிப்பறை கழுவுகிறவள். அதனால் வாசிப்புப் பாடம் தொடங்கியதும் மகளைப் பள்ளிக் கழிப்பறை கழுவ அனுப்பிவிடுவார். கேட்டால், அவங்களுக்கு அது பழகின வேலை என்பார் சார். மூன்று மாதம் கேட்டுக் கேட்டு டீச்சருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். சாப்பாட்டு இடைவேளைகளில் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்ததில், குழந்தை எழுத்துக் கூட்டும் அளவுக்கு வந்திருந்தது.

நாளை அதிகாரி வருகிறார். 'நூறு சதவீத வாசிப்பு' என்ற பலகை பெயின்ட் காயாமல் வராந்தாவில் நிற்கிறது. மற்ற முப்பத்தொரு பிள்ளைகளையும் பன்னிரண்டாம் பக்கத்து மாட்டுப் பாடத்தை சாரே உருப்போட வைத்திருந்தார்.

சிறுமியிடம் வரவேண்டாம் என்று டீச்சர் சொல்லவில்லை.

மறுநாள் அதிகாரி வகுப்பில் நாற்காலி நிறைய உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பொழிந்து தள்ளினார்கள். மின்விசிறிக் காற்றில் ஒருவன் புத்தகம் புரண்டு, மாட்டுப் படம் போய் ரயில் படம் வந்தது. அவன் மாட்டையே மேய்த்துக்கொண்டிருந்தான். பலே என்றார் அதிகாரி. அதே புத்தகத்தை, திறந்தபடியே, கதவோரச் சிறுமியிடம் நீட்டினார்.

"ர... யி... ல்" என்று விரலை நகர்த்தினாள். "ரயில்... நி..."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். வாசிக்கத் தெரிந்தவர் முப்பத்தொருவர், தெரியாதவர் ஒருவர் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்த அறையில் அன்று புத்தகத்தைப் பார்த்து வாசித்தது அந்த ஒருத்திதான்.

அவரை வழியனுப்பிவிட்டு சார் கடுகடுவென்று வகுப்புக்கு வந்தார். "பக்கெட்டு, எந்திரி. வேலை கிடக்கு."

"நீ உக்காரு கண்ணு" என்றாள் டீச்சர். "வாசிக்கத் தெரியாதுன்னு அதிகாரியே எழுதிட்டாரே சார். வாசிப்பு நேரத்துல இவளை வெளிய அனுப்பினா, அவர் கையெழுத்துக்கு என்ன மரியாதை?"

"வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்."

"வரேன்."

அவர் போனதும் கதவைச் சாத்தினாள். எல்லாரும் முப்பதாம் பக்கத்தை எடுங்க என்றாள்.

முப்பத்தொரு பிள்ளைகள் அவள் வாயைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் குனிந்து, முதல் எழுத்தில் விரலை வைத்தாள்.