துணி மூடிய மூன்று பெட்டிகள்

புது டிவி வந்து ஒரு வாரம் ஆகியும் ஹாரன் மாமாவின் கோபம் அடங்கவில்லை. பாதிச் சுவரை விழுங்கிக்கொண்டு நிற்கிறது அல்ட்ரா எச்டி டிவி. படம் மட்டும் அதே மங்கல். கிரிக்கெட் போட்டால் பந்து எங்கே போகிறது, அடிப்பவன் எவன், அடியில் ஓடுகிற எழுத்து என்ன, எதுவும் பிடிபடவில்லை.

முதலில் அவர் திட்டியது பழைய டிவியை. அதைத் தலைமுழுகிவிட்டுத்தான் இது வந்தது. இப்போது இதற்கும் அர்ச்சனை ஆரம்பமாகிவிட்டது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வழி சொன்னார்.

"டிவி மேல தப்பில்லைங்க. உங்க செட்டாப் பாக்ஸ் ஆதிகாலத்துப் பெட்டி. அது குடுக்கறதத்தானே டிவி காட்டும்?"

மாமாவுக்கு நிம்மதியாக இருந்தது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

"ஆனை வாங்கியாச்சு, அங்குசத்துக்கா கணக்குப் பாக்கறது? கெளம்பு" என்றார் மனைவியிடம்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று சிரித்துக்கொண்டே அவள் தையல் மெஷினை மூடிவைத்தாள். விளையாட்டாகச் சொன்னதுதான். அவருக்கு என்னவோ சுருக்கென்றது.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற மனிதர் அவர். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரன் அடிப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர்தான் ஹாரன் மாமா. சில மாதமாக ஆள் இல்லாத நேர் சாலையிலும் அடிக்கிறார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். எதற்காக அடிக்கிறோம் என்று அவர் தம்மையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே!

இரண்டு தெரு தள்ளி டிஷ்காரர் கடை. போனிலேயே பழைய பெட்டியையும் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார். அந்த மனிதரிடம் ஒரு வழக்கம் உண்டு. பெட்டிகளை வரிசையாக வைத்துத் துணி போட்டு மூடிவிடுவார்.

"பெட்டியோட பளபளப்பப் பாத்து வாங்கிட்டு, வீட்டுக்குப் போய் என்னைத் திட்டுவாங்க. அதனால நம்ம கடையில படத்த மட்டும்தான் பாக்கணும். ஒரே ஆட்டம், மூணு பெட்டி. மாத்தி மாத்திப் போடறேன். முடியற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. வித்தியாசம் தெரியலைன்னா வெல கொறஞ்சதையே எடுத்துக்கோங்க, எனக்கு வருத்தமில்ல."

"வித்தியாசம் தெரியாம என்ன? ரோட்டப் பாத்தே பொழைக்கிற கண்ணுய்யா இது" என்றார் மாமா.

ஒன்று ஓடியது. இரண்டு ஓடியது. மூன்று ஓடியது. மாமா உற்றுப் பார்த்தார். பச்சையாக ஒரு திடல், அதில் வெள்ளையாகச் சில உருவங்கள். மறுபடி பச்சை, மறுபடி வெள்ளை. மூன்றுக்கும் நடுவே என்ன மாறியது என்று அவருக்குத் தெரியவே இல்லை. இருந்தாலும் கேட்டவுடன் பட்டென்று சொன்னார்.

"சந்தேகமே இல்ல. மொதப் பெட்டிதான். சும்மா கண்ணாடி மாதிரி இருக்கு. அதையே கட்டுங்க."

டிஷ்காரர் துணியை விலக்கினார். முதல் பெட்டியின் உடைந்த மூலையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. சுற்றியவர் மாமாவேதான். வீட்டிலிருந்து வந்த பழைய பெட்டி!

"அண்ணே, உங்க பெட்டிய உங்களுக்கே கட்டித் தரட்டுமா?" டிஷ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமாவும் சிரித்தார், கொஞ்சம் அதிகமாகவே.

அவள் சிரிக்கவில்லை.

"மூணாவதுல அந்த ஆட்டக்காரன் காலர்ல ஒரு பக்கம் தையல் பிரிஞ்சிருந்துச்சே, பாத்தீங்களா?"

"காலர் காலர் மாதிரிதான் இருந்துச்சு."

டிஷ்காரர் மறுபடி சிரித்தார். அவள் பழைய பெட்டியை எடுத்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டாள். "பெட்டிய அப்புறம் பாத்துக்கலாம் தம்பி."

வெளியே வந்து மாமா ஸ்கூட்டரைக் கிளப்பினார். அவள் பின்னால் ஏறவில்லை.

"தள்ளிட்டே போலாங்க."

"எதுக்கு? பெட்ரோல் இருக்கு."

"தெரியும்."

அவர் வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளினார். இருவரும் சாலை ஓரமாக நடந்தார்கள். சாயங்கால நெரிசலில் ஒவ்வொரு வண்டியும் ஒரு நிறமாக வந்து, பக்கத்தில் வந்த பிறகுதான் வண்டியானது.

"டிவியில விளம்பரம் போடறப்பல்லாம் எனக்கு ஊசி கோத்துத் தருவீங்க" என்றாள் அவள். "நிறுத்திட்டீங்க. சலிச்சுப் போச்சாக்கும்னு நெனச்சேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தவர் அவர். ஊசி முனையில் மாட்டிக்கொண்டார். கோபம் வந்தது. அவள்மேல், டிஷ்காரர்மேல், அந்தத் துணிமேல். பிறகு அந்தக் கோபத்துக்கும் போக இடமில்லை. கண் பரிசோதனை என்று போனால் லைசென்ஸில் கைவைப்பார்கள். காலையில் தெருமுனையில் வேன் திரும்பியதும் கத்துகிற பிள்ளைகள் வேறு யார் பெயரையோ சொல்லிக் கத்துவார்கள். அந்தச் சத்தம் இல்லாத காலையை அவரால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. பயமாக இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவரே பேசினார்.

"முந்தாநேத்து கடைசி ஸ்டாப்புல, ரோட்டோரம் ஒரு புள்ள நிக்குதுன்னு பிரேக் போட்டேன். உள்ள எல்லாரும் முன்னால வந்து விழுந்தாங்க. கிட்ட போய்ப் பாத்தா குப்பைத்தொட்டி."

"நல்லதுதானே, நிறுத்தினீங்களே."

"தொட்டியப் புள்ளைன்னு நெனச்சேன், சரி" என்றார். "புள்ளையத் தொட்டின்னு நெனச்சிருந்தா?"

அவள் ஸ்கூட்டரின் ஹாண்டில்பாரில் இருந்த அவர் கைமேல் தன் கையை வைத்தாள்.

மாமா வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். போனை எடுத்து, திரையை முகத்துக்கு நெருக்கியும் தள்ளியும் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார்.

"ஸ்கூல்ல வண்டிப் பொறுப்பு பாக்கறாரே, அவர் நம்பர எடுத்துக் குடு."

அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"சார், நான்தான். நாளைக்கு வேன வேற ஆள்கிட்ட குடுங்க."

"ஏன்? காய்ச்சலா? நீங்க லீவே போட மாட்டீங்களே!"

அந்தப் பக்கமே ஒரு பொய்யை எடுத்து நீட்டுகிறது. 'ஆமாம்' என்றால் போதும். ஒரு நாள் ஓடிவிடும், அடுத்த நாளைக்கு இன்னொன்று கிடைக்கும். மாமா சாலையைப் பார்த்தார். எதிர்ப்புறத்தில் சின்னதாக ஏதோ நின்றது. பிள்ளையா, தொட்டியா என்று தெரியவில்லை.

"காய்ச்சல் இல்ல சார். எனக்குக் கண்ணு தெரியல."

சொல்லி முடித்துவிட்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து அழுதார். மடியில் பழைய பெட்டியோடு அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.