மூன்றாவது பிளக்

திங்கட்கிழமை காலையில் என் தங்கையின் கார் நடுரோட்டில் "டப்" என்ற சத்தத்தோடு நின்றது. வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நான் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறவனுக்குப் போனில் கேட்டாலே போதும், என்ன கோளாறு என்று தெரிந்துவிடும். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"அண்ணா, இன்ஜின்லேர்ந்து என்னமோ தெறிச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் வருது" என்றாள் தங்கை.

"ஸ்பார்க் பிளக் பிடுங்கிக்கிட்டு வந்திருக்கும். அத திருகுற மரை போயிடுச்சு. மாப்ள ஏதாவது கை வெச்சாரா?"

"போன மாசம் ஸ்பேனர் செட்டு வாங்கினாரு. நேத்துகூட பானெட்டத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னாரு" என்றாள்.

"அப்புறம் என்ன? இன்னொரு ஆளத் தேடணுமா?"

அவ்வளவுதான், தீர்ப்பு சொல்லியாயிற்று.

மாப்பிள்ளைக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. எறும்புத் தலை அளவுத் திருகுகளை நாள் முழுக்கக் கழற்றி மாட்டுகிறவர். ஒரு திருகைக்கூடக் கெடுத்ததாகப் புகார் வந்ததில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் அதையெல்லாம் கைவேலை என்று யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை. கல்யாணமான புதிதில் அவர் சுவரில் அடித்த அலமாரி ஒரே வாரத்தில் சாமான்களோடு கீழே வந்தது. அதிலிருந்து அவர் ஒரு பல்பை மாற்றப் போனாலும் தங்கை எனக்குப் போன் போடுவாள். நானும் லேசுப்பட்டவன் இல்லை. மரியாதைக்கு ஒரு குறையும் வைக்காமல், "மாப்ளே, நீங்க உக்காருங்க. உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று எல்லோர் முன்னாலும் சொல்லுவேன். அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்.

அன்று சாயங்காலம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். கையில் புத்தம்புது ஸ்பேனர் பெட்டி.

"இத உங்ககிட்டயே குடுத்துடச் சொல்லிட்டா உங்க தங்கச்சி."

"நல்லதாப் போச்சு. வெச்சுட்டுப் போங்க."

வைத்தார், ஆனால் போகவில்லை. இழுத்துக்கொண்டு வந்து, தெறித்த மூன்றாவது பிளக் தெரிய பானெட்டைத் திறந்து ஓரமாக நிறுத்தியிருந்த காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், நான் மொதல் பிளக்க மட்டும்தான் மாத்தினேன். புக்குல என்ன அளவு போட்டிருக்கோ அதே அளவுக்குத்தான் முறுக்கினேன். அதுக்கே மத்தியானம் ஆயிடுச்சு. மத்த மூணையும் தொடவே இல்ல."

"தொடாமலே மூணாவது எப்படி மாப்ளே பிடுங்கிக்கும்? அதுக்கென்ன றெக்கையா இருக்கு?"

"அது எனக்குத் தெரியல." குரல் இறங்கிவிட்டது. "கார் எப்படியோ போகட்டும். பாப்பா என்னைப் பாத்து, 'அப்பா, பொய் சொல்றியா?'ன்னு கேட்டுட்டா மச்சான். ஒம்பது வயசுல இதுவரைக்கும் அவ என்னை அப்படிக் கேட்டதே இல்ல. நீங்க பிரிச்சுப் பாத்துட்டு, அப்பா தொடலன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவா."

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். அவர் வாசலைத் தாண்டும் வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பிரித்தேன். முதலில் மாப்பிள்ளை மாட்டிய பிளக்கைத்தான் கழற்றினேன். இரண்டு குறை கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் பேச வசதியாக இருக்கும் அல்லவா? ஒரு குறையும் இல்லை. கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. எரிச்சல்தான் வந்தது.

மூன்றாவது பிளக் ஒயரோடு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மரையில், பிளக் உட்காரும் இன்ஜின் ஹெட்டின் அலுமினியம் சுருள் சுருளாகப் பிய்ந்து ஒட்டியிருந்தது. அந்தச் சுருளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் காய்ந்துபோன பசை.

அந்தப் பசையின் டப்பா என் அலமாரியில் இருக்கிறது. ஒழுகும் இடங்களுக்குத் தடவ நான் வரவழைத்தது. மூக்குக் கண்ணாடிக்காரரிடம் அது இருக்க வாய்ப்பே இல்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் இந்த நாலு பிளக்கையும் மாட்டியவன் நான். இவ்வளவுதான் முறுக்கலாம் என்று அளவு காட்டும் ஸ்பேனர் ஒன்று என் சுவரில் பிளாஸ்டிக் உறையோடு தொங்குகிறது. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று மாட்டியது. எனக்கு என் கைதான் அளவு. மற்றவர்கள் வண்டி என்றால் ஒரு இழுப்போடு விடுவேன். தங்கச்சி வண்டியாயிற்றே, பாசம் விடுமா? கூடுதலாக இன்னொரு இழுப்பு. அந்த இன்னொரு இழுப்பில்தான் மூன்றாவது பிளக் வெண்ணெயில் திருகியது போல வழுக்கிக்கொண்டு சுற்றியது. மரை போய்விட்டது என்று அந்த நொடியே கைக்குத் தெரியும். தங்கை ஆபீசுக்கு நேரமாகிறது என்று வாசலில் நின்று அரித்துக்கொண்டிருந்தாள். பசையைத் தடவித் திருகி, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டேன். அப்புறம் மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. மறக்க வேண்டும் என்று பாடுபட்டு மறந்தேன்.

ஒருவரிடமும் பேசாமல் வேலையை ஆரம்பித்தேன். மரை வெட்டும் டேப் கருவியின் பள்ளங்களில் கிரீஸை அப்பிக்கொண்டேன். வெட்டும்போது விழும் அலுமினியத் துருவல் கிரீஸில் ஒட்டிக்கொள்ள வேண்டும், சிலிண்டருக்குள் விழக்கூடாது. அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே. எடுத்துத் துடைத்து, புது கிரீஸ் வைத்து, மறுபடி. பிறகு உள்ளேயும் வெளியேயும் மரை உள்ள ஒரு சின்ன இரும்புக் குழாயை அந்தப் புது மரையில் இறக்கினேன். இனி பிளக் அதற்குள் உட்காரும். முறுக்குவதற்குச் சுவரில் இருந்த ஸ்பேனரை எடுத்தால், அது உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையின் பெட்டியைத் திறந்தேன். அளவு காட்டும் ஸ்பேனர் உள்ளே பளபளவென்று இருந்தது. கூடவே, அளவு எழுதிய துண்டுச் சீட்டு, கோழி முட்டை மாதிரி உருண்டையான எழுத்தில்.

நடுவில் தங்கை போனில் கூப்பிட்டாள்.

"என்னண்ணா, அவரு வேலைதானே?"

"மரைதான் போயிருக்கு."

"அதான் தெரியுமே. யாரு பண்ணினது? அத்தனை தடவை கேக்குறேன், தொடலன்னு சாதிக்கிறாரு மனுஷன்."

"வேலை நடக்குது. அப்புறமாப் பேசுறேன்."

ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய், அடுத்தவர் குற்றத்தைச் சொல்ல எட்டு ஊருக்குக் கேட்கும், சொந்தக் குற்றம் என்றால் ஒட்டிக்கொள்கிறது. இவளிடம் சொன்னால் சொந்தபந்தம் முழுக்கப் போய்விடும், அண்ணன்காரன் பசை போட்டு ஒப்பேற்றினான் என்று பேர் கெட்டுவிடும் என்று பயந்தேன். அன்று முழுக்க மூன்று முறை போனை எடுத்து மூன்று முறையும் கீழே வைத்தேன்.

புதன்கிழமை காலையில் மனசைக் கல்லாக்கிக்கொண்டேன். எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லிவிட வேண்டியதுதான், முக்கியமாகப் பாப்பாவிடம். காரை ஓட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இன்ஜின் தையல் மிஷின் மாதிரி ஓடியது.

வாசலில் மாப்பிள்ளை மட்டும் இருந்தார். இறங்கியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்ளே, நீங்க தொடல. நான்தான். எட்டு மாசம் முன்னாடியே நான்தான் மரையக் கெடுத்து, பசை போட்டு மூடி வெச்சிருந்தேன். நேத்துக் காலைலயே தெரியும். சொல்ல வாய் வரல. மன்னிச்சுக்குங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கட்டிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பேன். அவர் அவசரமாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசுங்க மச்சான்" என்றார்.

"ஏன்? பாப்பாவக் கூப்பிடுங்க, அவகிட்டயே சொல்லிடறேன்."

"வேண்டாம். ரெண்டு நாளா அவ எங்கிட்டப் பேசாமலே இருந்தா. நேத்து சாயங்காலம் வரைக்கும் உங்க போனுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். வரல. அப்புறம் நானே போய், 'ஆமா பாப்பா, அப்பாதான் கெடுத்தேன், பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோ'ன்னு சொல்லிட்டேன். ஓடி வந்து கட்டிக்கிட்டா மச்சான்."

இப்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப நீங்க உண்மையச் சொன்னா, நேத்து சொன்னது பொய்யாயிடும். மறுபடியும் அவகிட்ட என்னால பொய்யனா நிக்க முடியாது. விட்டுடுங்க, புண்ணியமாப் போகும்."

அதற்குள் பாப்பாவே வெளியே ஓடி வந்துவிட்டாள். காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "மாமா, அப்பா ஒத்துக்கிட்டாங்க, தெரியுமா? யாரும் சொல்லாமலே அவங்களே வந்து ஒத்துக்கிட்டாங்க" என்றாள். "தப்பு பண்ணினா அப்படித்தான் ஒத்துக்கணும், இல்ல மாமா?"

மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா பாப்பா" என்றேன்.